மாடி இல்லாத வீட்டில் மேலே நடப்பது யார்?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் தெகிவளையில் பழைய தனி வீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்தோம். மாடி கிடையாது. மேலே அஸ்பெஸ்டஸ் கூரை, அதன் கீழே பலகைச் சீலிங். இரவு ஒன்றரை மணிக்கும் விடியற்புறம் நான்கு மணிக்கும் படுக்கையறைக்கு மேலே யாரோ நடப்பதுபோல் சத்தம் கேட்கிறது. மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டு உரிமையாளர் "எலிதான், பாஷாணம் வையுங்கள்" என்கிறார். மாமியார் கழிப்புக் கழிக்கச் சொல்கிறார். மிருகக்காட்சிசாலையிலிருந்து ஏதும் தப்பி வந்திருக்குமோ என்பது கணவரின் சந்தேகம். என்ன செய்வது?

பதில்: மாமியாரின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். பேய் சிறுநீர் கழிப்பதில்லை. சத்தம் வரும் அறையின் சீலிங்கை நல்ல பகல் வெளிச்சத்தில் அண்ணாந்து பாருங்கள். மூலையில் எங்காவது தேநீர் கொட்டி உலர்ந்ததுபோல ஓரம் கறுத்த மஞ்சள் வட்டம் தெரிகிறதா? மழை ஒழுக்கின் கறையும் இப்படித்தான் இருக்கும். ஆனால் மழையே இல்லாத வாரத்திலும் வட்டம் பெருத்துக்கொண்டு போனால் அது மேலே குடியிருப்பவரின் வேலை. நீங்கள் சொல்லும் நேரத்தையும் நடையையும் சேர்த்துப் பார்த்தால் அது மரநாய்தான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு சொல்வேன். பெயரில்தான் நாய்; பூனையளவில் இரவில் நடமாடும் விலங்கு. உங்கள் சிங்கள அயலவரைக் கேளுங்கள், "உகுடுவா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்கள் வீட்டிலும் ஒருகாலம் இருந்திருக்கும்.

கணவருக்கும் ஒரு வார்த்தை. மிருகக்காட்சிசாலையின் சிங்கம் கர்ச்சிப்பதை இரவில் கேட்டுப் பழகிய ஊர் தெகிவளை. அப்படிச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் மரநாய் எங்கிருந்தும் தப்பி வரவில்லை. நாம் வருவதற்கு முன்பிருந்தே அது இந்த ஊர்க்காரன். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனையே இன்னும் வாழ்கிறது. 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் கொழும்பும் இருந்தது. அப்படிப்பட்ட நகரத்தில் மரநாய்க்கு மரப்பொந்து குறைந்துகொண்டே போகிறது, பழைய கூரைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. உலர்ந்த, இருட்டான, பகலில் வெதுவெதுப்பான, நாயும் காகமும் வராத இடம். அதற்கு உங்கள் சீலிங் ஒரு பெரிய மரப்பொந்து, அவ்வளவுதான்.

உரிமையாளர் சொல்லும் எலி ஏன் இல்லை என்பதற்குக் காதே போதும். கூரை எலி இருநூறு கிராம் தாண்டுவது அரிது. அது நடக்காது, ஓடும். கீறல், பிறாண்டல், பிறகு ஒரே இடத்தில் நெடுநேரம் பலகை அரிக்கும் சத்தம். மரநாய் இரண்டு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை இருக்கும். நிதானமாக அடியெடுத்து வைக்கும், நிற்கும், மறுபடி நடக்கும். அதுதான் மனிதர் நடப்பதுபோல் கேட்பதற்குக் காரணம். சீலிங் என்பது சட்டங்களில் அறைந்த மெல்லிய பலகை. மேலே வெற்றிடம், கீழே வெற்றிடம். மத்தளத்துக்குத் தோல் கட்டியதுபோலத்தான். பகலில் பஸ் இரைச்சலில் அமுங்கிப்போகும் சத்தம் சாமத்தில் பத்து மடங்காகத் தெரியும். இன்னொரு சத்தத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வெயில் தணிந்த பிறகு முன்னிரவில் ஒற்றை ஒற்றையாக "டக்" என்று கேட்டால் அது சூட்டில் விரிந்த கூரையும் மரச்சட்டமும் சுருங்கும் சத்தம். அது இடம் மாறி நடக்காது.

இன்னமும் சந்தேகமிருந்தால் மாவு வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளைத் திருத்தும் வேலைகளை மேற்பார்வை செய்கிறவன் நான். கூரை வேலை செய்யும் பாஸ்மாரை ஏற்றி உச்சியிலிருந்து ஒவ்வொரு கூரைச் சீற்றாகத் தட்டிப் பார்க்கவைப்பதைவிட இது மலிவு. சீலிங்கில் ஆள் ஏறும் துவாரம் இருக்குமல்லவா, அதன் விளிம்புக்கு அருகே ஓரடிப் பலகைத் துண்டில் கோதுமை மாவைச் சல்லடையால் மெல்லிசாகத் தூவி வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள். பூனையின் காலடியில் நான்கு விரல்கள் பதியும். மரநாயின் காலடியில் ஐந்து. பின்பாதமும் சற்று நீண்டு விழும். எங்கள் வீட்டில் நான் முதன்முதலாக அந்தப் பலகையை இறக்கியபோது மாவின் குறுக்கே நேர்கோட்டில் ஐந்து ஐந்து விரலாகப் போயிருந்தது. நடுவில் ஓரிடத்தில் வால் பெருக்கிய தடம். பலகையின் ஓரத்தில், சதை முழுவதும் நக்கி எடுத்த மாங்கொட்டை ஒன்று, கழுவி வைத்ததுபோல். எங்கள் வீட்டில் மாமரமே இல்லை.

மணத்தையும் கவனியுங்கள். மரநாயின் வாலடியில் வாசனைச் சுரப்பி உண்டு. அந்த வாசனை பலருக்குச் சோற்றிலும் கறியிலும் போடும் ரம்பை இலையை நினைவூட்டும். என் மனைவி ஒருநாள் சாமத்தில் எழுந்து குசினிக்குப் போய், யார் இந்த நேரத்தில் சோறு வடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். அந்தச் சுரப்பி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேமாதிரி, பார்வைக்கு விதைப்பைபோல இருப்பதால்தான் 1777 இல் இதற்கு அறிவியற்பெயர் வைத்த பல்லாஸ், இருபாலி என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்துவிட்டார். பிழையான பெயர், இன்றைக்கும் அதுவே நிலைத்திருக்கிறது.

எச்சத்தைப் பார்த்தால் ஐயமே இருக்காது. விதை, விதை, வெறும் விதை. பப்பாசி, கொய்யா, கித்துள் என்று பருவத்துக்கு ஏற்றபடி. இந்தோனேசியாவில் இதே விலங்கின் எச்சத்திலிருந்து பொறுக்கிய காப்பிக்கொட்டைதான் உலகிலேயே விலை கூடிய காப்பிகளில் ஒன்றாக விற்கப்படுகிறது. சீலிங்குக்கு மேல் ஒருமுறை எட்டிப் பார்த்தவருக்கு அந்தக் காப்பியைக் குடிக்கும் ஆசை வராது.

இனிப் பாஷாணம். தயவுசெய்து வைக்காதீர்கள். விலங்கின்மேல் இரக்கப்பட்டு மட்டும் சொல்லவில்லை, உங்கள் மூக்கின்மேலும் இரக்கப்பட்டுச் சொல்கிறேன். கடைகளில் கிடைக்கும் எலி மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தம் உறையவிடாமல் செய்து சில நாட்களில் கொல்பவை. தின்ற விலங்கு உடனே சாகாது. களைத்துப்போய்த் தனக்குப் பழகிய மூலைக்குள் ஒடுங்கித்தான் சாகும். அந்த மூலை உங்கள் மகளின் கட்டிலுக்கு நேர்மேலே இருக்கும். ஒரு வீட்டில் இப்படி நடந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் மின்விளக்கின் துவாரத்தால் ஈக்கள் இறங்கத் தொடங்கின. எட்டாம் நாள் சீலிங் பலகை இரண்டை வெட்டி எடுத்தோம். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கைவிட முடியாத இடுக்கில் கிடந்தது. நாற்றம் போக ஒரு மாதம் ஆனது. அந்த அறையில் அதுவரை யாரும் படுக்கவில்லை. சத்தத்தால் தூக்கம் கெட்டவர்கள், சத்தம் நின்ற பிறகு தூக்கத்துக்கு வேறு வீடு தேடிப் போனார்கள்.

நப்தலீன் உருண்டை, மிளகாய்த் தூள், டெற்றோல் நனைத்த துணி, மீயொலிக் கருவி எல்லாம் உங்களுக்குச் சொல்லப்படும். நப்தலீனின் ஆவி கீழேயுள்ள உங்கள் அறைக்கும் இறங்கும். குழந்தை படுக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். மற்றவை மூன்று நாள் வேலை செய்யும், நான்காம் நாள் மரநாய்க்குப் பழகிவிடும். நானும் ஒருகாலம் துவாரத்துக்குள் வானொலியை வைத்து இரவு முழுவதும் பாடவிட்டேன். முதல் இரவு அது வரவில்லை. நாங்களும் தூங்கவில்லை. மூன்றாம் இரவு விடியற்காலைச் செய்திக்கு அது திரும்பி வந்து வானொலிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

பொறிக்கூட்டில் வாழைப்பழம் வைத்துப் பிடித்து, பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பார்கள். செய்தவர்களைத் தெரியும். கொண்டுபோய் விட்ட ஒன்றரை மாதத்தில் இன்னொன்று அதே இடத்துக்கு வந்தது. இடம் காலியாக இருக்கிறது, வாசல் திறந்திருக்கிறது, வராமல் என்ன செய்யும்? தவிரவும் காட்டு விலங்கைப் பிடிப்பது, இடம் மாற்றுவது என்று வரும்போது வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் கைவைக்கக்கூடாது. கூண்டுக்குள் அகப்பட்ட மரநாய் கடிக்கவும் கூடும். பாலூட்டி எதுவாயினும் விசர்நோய் இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அணுகவேண்டும். கடி பட்டால், கீறல் பட்டாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆகவே விலங்கை மறந்துவிட்டு வாசலைத் தேடுங்கள். எந்த வீட்டிலும் அது வழக்கமாகப் போய்வரும் வாசல் ஒன்றே ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதை, அது வெளியே போயிருக்கும் நேரத்தில் அடைக்கவேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான ஆயத்தம்.

வாசலைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதும். இருட்டு விழும் நேரத்தில், ஆறேகால் ஆறரைக்கெல்லாம், வீட்டுக்கு வெளியே கதிரை போட்டு உட்காருங்கள். கணவர் முன்பக்கம், நீங்கள் பின்பக்கம். நுளம்புக்கு மருந்து பூசிக்கொள்ளுங்கள், பேசாதீர்கள், கைப்பேசி வெளிச்சம் வேண்டாம். ஏழு, ஏழரைக்குள் கூரை விளிம்பில் ஒரு தலை தெரியும். சுற்றிப் பார்க்கும். பிறகு உடம்பு ஊற்றியதுபோல வழிந்து வெளியே வரும். நீளமான கறுத்த வால் கடைசியில். அங்கிருந்து பீலி வழியாகவோ தொலைபேசி வயரிலோ நடந்து மதிலுக்கோ மரத்துக்கோ போய்விடும். வயரில் அது நடக்கும் அழகைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும். போயாவை ஒட்டிய நிலாக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல நிலவில் அது நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் வீணாகக் காத்திருப்பீர்கள்.

பார்க்க முடியாவிட்டால் தடயம் பாருங்கள். அது தினமும் உரசிப்போகும் விளிம்பில் எண்ணெய் தடவியதுபோலக் கறுப்புப் படிந்திருக்கும், சில முடிகளும் ஒட்டியிருக்கும். அஸ்பெஸ்டஸ் கூரையில் நான் முதலில் பார்க்கும் இடம் சுவரின் உச்சியும் சீற்றின் நெளிவும் சந்திக்கும் இடம். நெளிவுகளின் இடைவெளியைச் சீமெந்தால் அடைத்திருப்பார்கள். இருபது வருடத்தில் அது உதிர்ந்திருக்கும். அடுத்தது கூரை விளிம்பில் அடித்திருக்கும் வலன்ஸ் பலகை உக்கிப்போன இடம். அடுத்தது தண்ணீர்த் தாங்கியின் குழாய் உள்ளே போகும் ஓட்டை. பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தால் அந்த இடுக்கையும் பாருங்கள். நான்கு அங்குல இடைவெளி அதற்குத் தாராளம். "இதுக்குள்ள எப்படிப் போகும்" என்று பாஸ் சொல்வார். தலை போனால் உடம்பு போகும்.

இப்போது அவசரப்பட்டு அடைத்துவிடாதீர்கள். இங்கேதான் எல்லோரும் தவறுவது. மரநாய் கூரைக்கு வருவது பகலில் உறங்க மட்டுமல்ல, குட்டி போடவும்தான். ஒரு ஈற்றில் இரண்டிலிருந்து ஐந்து குட்டிகள். தாய் வெளியே போனதும் வாசலை அடைத்தால் உள்ளே குட்டிகள் கத்தும், வெளியே தாய் சீற்றைப் பிய்க்கும். முன்பு சொன்ன நாற்றக் கதையும் பிறகு தொடரும். ஆகவே தாய் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு உள்ளே போய், சத்தம் வரும் அறையில் விசிறியை நிறுத்தி அரை மணிநேரம் காது கொடுங்கள். மெல்லிய பூனைக்குட்டிக் குரலோ உருண்டு விளையாடும் சத்தமோ கேட்டால் குட்டி இருக்கிறது. அப்படியானால் இரண்டு மூன்று மாதம் பொறுக்கத்தான் வேண்டும். குட்டிகள் தாயின் பின்னால் தாமாகவே வெளியே நடக்கத் தொடங்கும். ஒரு மாலை வரிசையாகப் போவதை நீங்களே எண்ணலாம்.

குட்டி இல்லையென்றால் இந்த வாரமே வேலையை முடிக்கலாம். முதலில் வழக்கமான வாசலைத் தவிர மற்ற எல்லா இடைவெளிகளையும் பகலில் அடையுங்கள். ஹார்ட்வெயார் கடையில் அரை அங்குலக் கண்ணுள்ள, கையால் அமுக்கினால் வளையாத வெல்டட் மெஷ் கேளுங்கள். கோழிக்கூட்டு வலை போதாது, பிளாஸ்டிக் வலை சிரிப்புக்குத்தான். மெஷ்ஷாக இருந்தால் கூரைக்குக் காற்றோட்டமும் நிற்காது. ஆணி அடிக்காமல் ஸ்குரூவும் அகலமான வாஷரும் போடச் சொல்லுங்கள்; ஆணியை அது இழுத்தே கழற்றும். கடைசி வாசலுக்கு அதே மெஷ்ஷில் ஒரு துண்டை மேல்விளிம்பில் மட்டும் கட்டித் தொங்கவிடுங்கள், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படியும் வெளியிலிருந்து இழுக்க விரல்நுனி அகப்படாதபடியும். ஒரு வாரம் அப்படியே விட்டு, துவாரத்தருகே மாவுப்பலகையை மறுபடி வையுங்கள். மூன்று இரவுகள் மாவு கலையாமல் இருந்தால் அந்தத் துண்டையும் நிரந்தரமாக இறுக்கிவிடலாம்.

கூரையில் ஏறுபவர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் மனித எடையைத் தாங்காது. ஆணி வரிசை ஓடும் இடத்தில் கீழே சட்டம் இருக்கும், அதன்மேல் பலகை போட்டுத்தான் நடக்கவேண்டும். சீற்றை அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். (இதை இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்த நம் அரசு ஒருமுறை தீர்மானித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, பெட்டியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி நம் தேயிலையை நிறுத்தியது; அஸ்பெஸ்டஸ் தருவதும் அதே ரஷ்யாதான். தீர்மானம் தள்ளிப்போனது.) உள்ளே எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் கட்டி, ஈரமாகவே அள்ளவேண்டும். உலர்ந்தபடி தும்புத்தடியால் கூட்டக்கூடாது. சீலிங்குக்குள் மின்வயர் ஓடும்; மெயின் சுவிட்சை நிறுத்தாமல் யாரையும் ஏற்றாதீர்கள். சுத்தம் செய்வது கட்டாயம். தன் மணம் இருக்கும்வரை அது தன் வீடுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

மரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூரையைத் தொடும் கிளைகளை ஆறடி தள்ளி வெட்டுங்கள். பழுத்த பழத்தை மரத்திலோ முற்றத்திலோ விடாதீர்கள். பின்பக்கம் வாழைக்குலை தொங்கவிட்டிருந்தால் அதுதான் நீங்கள் அனுப்பிய அழைப்பிதழ்.

செலவை யார் பார்ப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூரைப் பழுது பொதுவாக உரிமையாளருடையது. "எலி" என்று அவர் சொல்வதற்கு ஒரு காரணம், எலி என்றால் அது குடியிருப்பவரின் துப்புரவுக் குறை, வலன்ஸ் பலகை உக்கியது என்றால் அவருடைய குறை. சண்டை போடாமல், ஐந்து விரல் பதிந்த மாவுப்பலகையையும் கறையையும் உக்கிய பலகையையும் படமெடுத்து அனுப்புங்கள். பாஸிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதம் கேளுங்கள். சீலிங் நனைந்து இறங்கிவிட்டால் செலவு எத்தனை மடங்காகும் என்பதை அவரே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

அதுவரை இன்றிரவு: மகளின் கட்டிலைக் கறைக்கு நேர்கீழே இல்லாமல் நகர்த்துங்கள், விசிறியின் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள், மேலே இருப்பது என்னவென்று அவளிடம் சொல்லிவிடுங்கள். சீலிங்கைப் பிரித்துக்கொண்டு அது இறங்கி வராது. பிள்ளைகளுக்குத் தெரியாத சத்தத்துக்குத்தான் பயம். என் மகளுக்கு மரநாயின் படத்தைக் காட்டிய அன்று அவள் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு எனக்கு முன்னால் தூங்கிப்போனாள்.

அடைத்த பிறகு முதல் சில நாட்கள் விடியற்புறத்தில் அது திரும்பி வந்து மெஷ்ஷைப் பிறாண்டும். எழுந்து வெளியே ஓடாதீர்கள். காலையில் ஸ்குரூக்களை மட்டும் தொட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான்காம் நாள் ஒரு வாஷர் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். ஆறாம் நாளுக்குப் பிறகு சத்தமே இல்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தங்கள் சீலிங்கில் எலித் தொல்லை திடீரென்று கூடிவிட்டது, உங்களுக்கும் அப்படியா என்று கேட்டார்.